ஒல்லாந்தர் ஊரில் முதல் நாள்

ஆம்ஸ்டர்டாம் மத்திய ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, முதலில் பதினான்கு தலைகளையும் பிறகு பெட்டிகளையும் நான் எண்ணிக்கொண்டிருந்தபோது, மொரீஷியஸின் மஹேபூரிலிருந்து வந்த மாணவி நிமிர்ந்து பார்த்து, "மிஸ், இந்த ஊர்க் கடிகாரத்துக்கு ஒரே ஒரு முள்தான் இருக்கிறது" என்றாள். நிலையத்தின் செங்கல் முகப்பில் இரண்டு கோபுரங்கள் உயர்ந்து நிற்கின்றன. ஒன்றில் இருப்பது கடிகாரம். மற்றொன்றிலும் அதைப் போலவே ஒரு பெரிய வட்டமும் முள்ளும் இருக்கின்றன, ஆனால் சுற்றிலும் எண்களைக் காணோம். எங்களுடன் வந்திருந்த வரலாற்று ஆசிரியர் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள், அந்தப் பெண்ணே எதிரில் பறந்த கொடியை ஒரு முறையும் முள்ளை ஒரு முறையும் பார்த்துவிட்டு, "காற்று எங்கிருந்து வருகிறது என்று காட்டுகிறது" என்று கண்டுபிடித்துவிட்டாள். அவளுடைய அப்பா மஹேபூர்க் கடலில் மீன் பிடிப்பவர்; அந்த வீட்டில் விடிந்ததும் முதலில் கேட்கப்படுவது மணியைப் பற்றி இருக்காது, காற்றைப் பற்றித்தான் இருக்கும். 1889-இல் திறக்கப்பட்ட அந்த நிலையம், முன்பு கப்பல்கள் வந்து நின்ற நீர்ப்பரப்பில் மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவுகளின் மேல் நிற்கிறது என்று ஆசிரியர் பிறகு சொன்னதை, அவள் ஏற்கெனவே தெரிந்தவள்போல் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள்.

எங்கள் குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மொரீஷியஸில் பன்னிரண்டாம் வகுப்பில் தமிழும் வரலாறும் எடுத்திருக்கும் பதினான்கு மாணவர்கள், வரலாற்று ஆசிரியர், தமிழ் கற்பிக்கும் நான். ஓராண்டுக் காலம் பள்ளி விழாக்களிலும் தைப்பூசக் காவடி நாளிலும் தாய்மார்கள் காத்தோ பிமா என்ற மிளகாய் வடையும் தால் பூரி என்ற பருப்பு ரொட்டியும் சுட்டு விற்ற காசில் பாதிச் செலவு ஈடுகட்டப்பட்டது. பாரீஸோ லண்டனோ போகாமல் ஏன் ஆம்ஸ்டர்டாம் என்று பெற்றோர் பலர் கேட்டார்கள். பாரீஸிலும் லண்டனிலும் எங்கள் ஊர்க் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சித்தியோ மாமாவோ இருக்கிறார்கள். அங்கே போனால் பிள்ளைகள் நகரத்தைப் பார்க்க மாட்டார்கள், உறவினர் வீட்டுச் சோபாவைத்தான் பார்ப்பார்கள் என்று ஆசிரியர் பதில் சொன்னார். என் காரணம் வேறு. எங்கள் தீவுக்கு மொரீஷியஸ் என்ற பெயரை வைத்தவர்கள் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள். நாங்கள் நாள்தோறும் உச்சரிக்கும் பெயர் யார் வைத்தது, எந்தத் தெருவிலிருந்து புறப்பட்டவர்கள் வைத்தது என்று பிள்ளைகள் ஒரு முறையாவது நடந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். என் குறிப்பேட்டில் முதல் நாளுக்கென்று ஒன்பது இடங்களை எழுதி வைத்திருந்தேன். இரவு படுக்கப் போகும்போது அதில் நான்குக்குத்தான் குறியிட முடிந்தது.

அதற்கு ஒரு காரணம் நாங்கள் தங்க வேண்டிய விடுதி. முந்தைய இரவு பிளேசான்ஸ் விமான நிலையத்தில் புறப்பட்டு, காலையில் பாரீஸில் இறங்கி, அங்கிருந்து மூன்று மணி நேரத்துக்கும் மேலாக ரயிலில் வந்து, பகல் ஒன்றரைக்கு இந்த ஊரில் கால் வைத்தவர்கள் நாங்கள். விடுதியில் எங்கள் ஐந்து அறைகளில் இரண்டை மறுநாள் தேதியில் பதிந்து வைத்திருந்தார்கள். மின்னஞ்சலைக் காட்டினேன்; வரவேற்பு மேசையில் இருந்த இளைஞன் மிகவும் பணிவாக, தன்னால் எதுவும் செய்ய முடியாது என்பதை மூன்று விதமாகச் சொன்னான். மாலைக்குள் சரியாகிவிடும், அதுவரை பெட்டிகளை வையுங்கள் என்று அவன் காட்டிய அறை மூன்றாம் மாடியில் இருந்தது. அந்த ஊர்ப் பழைய வீடுகளின் படிக்கட்டைப் படிக்கட்டு என்பதைவிட ஏணி என்பதே பொருத்தம்: காலின் முன்பாதிக்குத்தான் இடமிருக்கும், பெட்டியும் ஆளும் சேர்ந்து திரும்ப முடியாது. வெளியே வந்து பார்த்தபோதுதான் ஒவ்வொரு வீட்டின் உச்சியிலும் தெருவை நோக்கி ஓர் உத்தரம் நீண்டிருப்பதும் அதன் நுனியில் கொக்கி தொங்குவதும் கண்ணில் பட்டன. கட்டிலையும் அலமாரியையும் கயிறு கட்டி வெளியிலிருந்து இழுத்து ஜன்னல் வழியாக உள்ளே சேர்ப்பதற்காக வைத்த கொக்கி அது. இழுக்கும் பொருள் சுவரில் இடிக்காமல் இருக்கப் பல வீடுகளை முன்பக்கம் சற்றே சாய்த்தும் கட்டியிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் ரோஸ் ஹில் மாணவன், தன் பெட்டியை நான்காவது முறையாகத் தூக்கிய கையைத் தடவிக்கொண்டே, "இதை ஏன் மிஸ் முன்னாலேயே சொல்லவில்லை?" என்று கேட்டான்.

அடுத்த பத்து நிமிடத்தில் அவனைத்தான் நான் ஏறக்குறைய இழந்திருப்பேன். எங்கள் தீவில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடும். ஆகவே தெருவைக் கடக்கிற எவரும் முதலில் வலப்பக்கம் பார்ப்போம், யாரும் கற்றுக்கொடுக்காமலே கழுத்து அந்தப் பக்கம் திரும்பிவிடும். இங்கே எல்லாம் நேர்மாறு. அதோடு, நடைபாதைக்கும் கார் ஓடும் சாலைக்கும் நடுவே செந்நிறத் தளம் போட்ட ஒரு பாதை இருக்கிறது. பார்ப்பதற்கு நடைபாதையின் அகலப்பட்ட ஓரம்போல் தெரியும், உண்மையில் அது சைக்கிள்களின் ராஜபாட்டை. ரோஸ் ஹில் மாணவன் வலப்பக்கம் நன்றாகப் பார்த்து, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நிதானமாக அந்தச் செந்நிறத்தில் காலை வைத்தான். இடப்பக்கத்திலிருந்து மணியோசை கேட்டது; அதே நொடியில் வரலாற்று ஆசிரியர் அவனுடைய பையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். முன்னால் மரப்பெட்டி பொருத்திய மூன்று சக்கர சைக்கிளில், பெட்டிக்குள் இரண்டு குழந்தைகளும் ஒரு கீரைக்கட்டுமாக ஒரு தாய் போனார். வேகத்தைக் குறைக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பெட்டிக்குள் இருந்த குழந்தை மட்டும் திரும்பி எங்களை வெகு நேரம் பார்த்தது.

அந்தத் தெருமுனையில் நாங்கள் கால் மணி நேரம் நின்றோம். நான் பயத்தில் நின்றேன், பிள்ளைகள் வேடிக்கை பார்த்து நின்றார்கள். கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்தவர்கள், ஒரு கையில் குடை பிடித்தவர்கள், பின்இருக்கையில் தோழியைப் பக்கவாட்டில் உட்கார வைத்தவர்கள், எழுபது வயதுப் பாட்டிகள் என ஊரே சைக்கிளில் போனது. எங்கள் தீவில் சைக்கிள் என்றால் கார் வாங்க முடியாதவர்களின் வண்டி என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. வசதியானவர்கள் ஓட்டினால் அதற்கென்று இறுக்கமான உடுப்பும் தலைக்கவசமும் வேண்டும். இங்கே அது செருப்புப்போல ஒரு பொருள். கால்வாய்களுக்குள் விழுந்து கிடக்கும் சைக்கிள்களை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாரி எடுக்கிறார்கள் என்றால், எவ்வளவு புழங்குகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

டாம் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது மூன்றரை மணி தாண்டிவிட்டது. அங்கே நிற்கும் அரண்மனை, அரசனுக்காகக் கட்டப்பட்டதன்று. 1648-இல் தொடங்கி 1655-இல் திறக்கப்பட்ட நகர மண்டபம் அது, 1808-இல் நெப்போலியனின் தம்பி வந்து அதைத் தன் அரண்மனையாக்கிக்கொண்டார். வணிகர்கள் தங்கள் நகராட்சிக்கு அவ்வளவு பெரிய கட்டடம் எழுப்பினார்கள் என்பதைவிடப் பிள்ளைகளைக் கட்டிப்போட்டது அதன் அடியில் இருப்பது. இந்த ஊர் முழுவதும் சேற்றுமண். பல மீட்டர் ஆழத்தில்தான் மணற்படுகை கிடைக்கிறது. ஆகவே மரத்தடிகளை மணல் வரைக்கும் அடித்து இறக்கி, அவற்றின் தலைமேல் கட்டடத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள். "ஓர் ஆண்டுக்கு எத்தனை நாள்?" என்று வரலாற்று ஆசிரியர் கேட்டார். 365 என்றார்கள். "முன்னால் ஒன்றைப் போடுங்கள், பின்னால் ஒன்பதைப் போடுங்கள், இந்த அரண்மனைக்குக் கீழே இருக்கும் தடிகளின் எண்ணிக்கை அது." ஒல்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் அப்படித்தான் மனப்பாடம் செய்வார்களாம். 13,659 என்று ஏழெட்டுக் குரல்கள் ஒன்றாகச் சொன்னதைக் கேட்டு, சதுக்கத்தில் புறாக்களுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

எரிமலை கக்கிய பாறையால் ஆன தீவில் பிறந்தவர்களுக்கு இது எளிதில் நம்பக்கூடிய செய்தியன்று. எங்கள் ஊரில் வீட்டுக்கு அடித்தளம் தோண்ட வேண்டுமானால் முதலில் கரும்பாறையோடு மல்லுக்கட்ட வேண்டும். கரும்புத் தோட்டங்களின் நடுவே குவித்து வைத்திருக்கும் கற்கோபுரங்கள் எல்லாம் எங்கள் பாட்டன்மார் அப்படி மண்ணிலிருந்து பெயர்த்து எடுத்துப்போட்டவை. "மரம் அழுகிப் போகாதா?" என்று ஒருத்தி கேட்டாள். நிலத்தடி நீருக்குள் முழுவதும் மூழ்கியிருக்கும் வரை மரத்துக்குக் காற்றுப் படாது, காற்றுப் படாத வரை அழுகாது. நீர்மட்டம் இறங்கினால்தான் ஆபத்து. நீரை வெளியே தள்ளி வாழும் ஊர், அதே நீரை அடியில் கட்டிக்காக்கவும் வேண்டியிருக்கிறது.

கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தால், உச்சியில் உலக உருண்டையைத் தோளில் சுமந்தபடி அட்லஸ் நிற்கிறான். "அட்லஸ்" என்ற பெயரைக் கேட்டதும் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து எனக்கு எப்போதும் தலைவலி தரும் மாணவன், "1834, நவம்பர் 2" என்றான். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு முதன்முதலில் போர்ட் லூயித் துறைமுகத்துக்கு வந்த கப்பலின் பெயரும் அட்லஸ்தான். பெயர் ஒற்றுமையைத் தவிர இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் பிள்ளைகள் அந்தச் சிலையைப் படமெடுத்த விதம் அதற்குப் பிறகு மாறிவிட்டது. எல்லோரும் உருண்டையை விட்டுவிட்டு, பாரத்தில் குனிந்த அந்த முதுகையே எடுத்தார்கள்.

சதுக்கத்திலிருந்து கிழக்கே நேராக நடந்து, இரண்டு கால்வாய்களைக் கடந்தால் பழைய ஹோக்ஸ்ட்ராட் தெரு வருகிறது. அந்தக் கால்வாய் ஓரங்களில் சிவப்பு விளக்கு எரியும் சந்துகள் இருப்பதைப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை இணையத்தில் தேடிப் பார்த்து வந்து கேட்டிருந்தார். அதனால் இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பாமல், கஞ்சாப் புகை வந்த இடங்களில் நடையைக் கூட்டி, படைத்தளபதிபோல் நான் முன்னால் போனேன். பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள், எதையும் பார்க்காததுபோல் வந்தார்கள். அந்த நாகரிகத்துக்கு நான் நன்றியுடையவள்.

24-ஆம் எண் வாசல் வழியாக உள்ளே நுழைந்தால் ஒரு முற்றம். நான்கு பக்கமும் செங்கல் சுவர், இடையிடையே வெள்ளைக் கல் பட்டைகள், உயரமான ஜன்னல்கள். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனியினுடைய தலைமை வீடு இதுதான். இப்போது ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். முற்றத்துப் படியில் இரண்டு மாணவர்கள் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குச் சப்பென்று போய்விட்டது. இத்தனை ஆண்டுகள் படித்தும் கற்பித்தும் மனத்தில் கட்டி வைத்திருந்த கோட்டை, ஒரு நல்ல கல்லூரி முற்றம் அளவுக்குத்தான் இருந்தது. போர்ட் லூயியில் இதைவிடப் பெரிய சர்க்கரைக் கிடங்குகள் உண்டு.

ஆனால் அங்கே தரையில் வட்டமாக உட்கார்ந்து பேசத் தொடங்கியபோது, முற்றம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகியது. 1602-இல் கம்பெனி தொடங்கியபோது, பங்கு வேண்டியவர்கள் வந்து பெயரையும் தொகையையும் எழுதலாம் என்று இயக்குநர் ஒருவருடைய வீட்டில் பதிவேட்டைத் திறந்து வைத்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் மட்டும் 1,143 பேர் எழுதினார்கள்; அந்த இயக்குநர் வீட்டு வேலைக்காரப் பெண் அந்நாள் ஒல்லாந்துக் காசான கில்டரில் 100 போட்டாள். கணக்கியல் படிக்கும் மாணவி ஒருத்தி வெகு நேரம் எதையோ யோசித்துவிட்டு, "தன் பணம் எங்கே போகிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்குமா?" என்று கேட்டாள். எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

எங்கள் தீவில் ஒல்லாந்தக் கப்பல்கள் வந்து இறங்கியது கம்பெனி பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1598 செப்டம்பரில். மௌரித்ஸ் என்ற தங்கள் இளவரசரின் பெயரை வைத்துவிட்டுப் போனார்கள். குடியேறியது 1638-இல், முக்கியமாகக் கருங்காலி மரத்துக்காக. மறு ஆண்டு ஜாவாவிலிருந்து கரும்பையும் மானையும் கொண்டுவந்தார்கள். 1658-இல் விட்டுப் போய், 1664-இல் திரும்பி வந்து, 1710-இல் ஒரேயடியாகக் கைகழுவினார்கள். அந்த முடிவுகளை எடுத்த இயக்குநர்கள் பதினேழு பேர். எட்டாண்டுச் சுற்றில் ஆறாண்டுகள் அவர்கள் கூடியது நாங்கள் உட்கார்ந்திருந்த அந்த வீட்டில். தீவை ஒரு கணக்குப் புத்தகத்தின் வரியாகப் பார்த்து, லாபம் இல்லை என்று அடித்துவிட்டார்கள். அடித்தவர்கள் போனாலும் கரும்பு நின்றுவிட்டது. அந்தக் கரும்பை வெட்டத்தான் பின்னாளில் பிரிட்டிஷார் எங்கள் முன்னோரைக் கப்பலேற்றினார்கள். இதை நான் பாடமாக எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அன்று சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை.

கம்பெனியின் முதல் கவர்னர் ஜெனரல் பெயரைச் சொன்னதும் வட்டத்தில் சலசலப்பு. பீட்டர் போத்! எங்கள் தீவில் உச்சியில் தலைபோல் ஓர் உருண்டைப் பாறையைச் சுமந்து நிற்கும் மலைக்கு அந்தப் பெயர்தான். பதவி முடிந்து ஊர் திரும்பும் வழியில், 1615-இல், எங்கள் கடற்கரைக்கு அருகே புயலில் கப்பல் உடைந்து அவர் மூழ்கிப்போனார். மலையடிவாரத்து ஊர்க்காரி ஒருத்தி, "எங்கள் சமையலறை ஜன்னலில் அந்த மலைதான் தெரியும், அவர் ஒரு ஆள் என்று எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள்.

பிறகு கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். அதற்காகவே இந்த முற்றம் வரை வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். 1690 முதல் 1781-இல் ஆங்கிலேயர் பிடுங்கிக்கொள்ளும் வரை, சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் நாகப்பட்டினம். அங்கே அடித்த செப்புக் காசில் ஒரு பக்கம் காளியின் உருவம், மறுபக்கம் தமிழ் எழுத்தில் ஊர்ப்பெயர். பதினான்கு பேரும் கைப்பேசியைக் கைமாற்றி, விரலால் பெரிதாக்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார்கள்: நா, க, ப, ட்... தேய்ந்த காசில் தமிழைப் படிப்பது வகுப்பில் செய்யுள் படிப்பதைவிட அவர்களுக்குப் பிடித்திருந்தது. எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் இருப்பதைப் பற்றி நாங்கள் பெருமை பேசாத நாளில்லை; அதற்கு எவ்வளவோ முன்பே வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று, வாங்குபவனும் விற்பவனும் நம்ப வேண்டுமே என்பதற்காகத் தன் காசில் தமிழை அடித்திருக்கிறது. அந்தக் கரையின் துணிகளைக் கொண்டுபோய் ஜாவாவிலும் மலுக்குத் தீவுகளிலும் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த மாணவர்களில் ஒருவன் எழுந்து வந்து, என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான். தமிழ் என்று சொல்லி, காசின் படத்தையும் காட்டினோம். தினமும் இங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறேன், இது எனக்குத் தெரியாது என்றான்.

மேற்கே நடந்து இளவரசர் கால்வாய்க்குப் போனதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெஸ்டர் தேவாலயத்துக்கு அருகே, 263-ஆம் எண் வீட்டில், ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமியின் குடும்பம் 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்டு வரை நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்தது. உள்ளே போவதற்கு மறுநாளைக்குத்தான் சீட்டு எடுத்திருந்தோம். வெளியே நின்று பார்த்தோம், அவ்வளவுதான். போ பாசின் ஊர் மாணவன், கூட்டத்தில் அதிகம் பேசாதவன், என் அருகில் வந்து, "மிஸ், எங்கள் ஊர்ச் சிறையில் வைத்திருந்தார்களே, அவர்களும் இவர்கள்தானே?" என்றான். ஹிட்லரிடமிருந்து தப்பிக் கப்பலில் பாலஸ்தீனம் போன யூதர்களில் சுமார் 1,580 பேரை, உள்ளே விட மறுத்த பிரிட்டிஷ் அரசு, 1940 டிசம்பரில் மொரீஷியஸுக்குக் கொண்டுவந்து போ பாசின் சிறையில் அடைத்தது. 1945 ஆகஸ்டில்தான் விட்டார்கள். திரும்பிப் போக முடியாமல் இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல். அவர்கள் சென் மார்த்தன் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார்கள், அவன் பேருந்து அந்த வழியாகத்தான் போகும். "ஆமாம்" என்றேன். அவன் அந்த வீட்டின் ஜன்னல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு வந்தான்.

ஆறு மணிக்கெல்லாம் எல்லோர் முகமும் வாடிவிட்டது. எங்கள் கடிகாரத்தில் அது இரவு எட்டு. மொரீஷியஸில் ஜூலை என்றால் குளிர்காலம், ஆறு மணிக்கு இருட்டிவிடும். இங்கேயோ சூரியன் உச்சியிலிருந்து கொஞ்சமே இறங்கியிருந்தான். பிள்ளைகள் தங்களுக்குள் கிரியோலில் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பசி வந்தால் அவர்களுக்குத் தமிழும் மறந்துபோகும், பிரெஞ்சும் மறந்துபோகும். அருங்காட்சியக வாசல், மிதக்கும் பூச்சந்தை என்று என் பட்டியலில் மீதமிருந்தவற்றைக் குறிப்பேட்டோடு மூடி வைத்துவிட்டு, டிராம் ஏறி ஆல்பர்ட் கொய்ப் சந்தைப் பக்கம் போனோம்.

சந்தை முடிந்து கடைக்காரர்கள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு சின்னக் கடையின் முன்னால் முதலில் நின்றது ஒரு மூக்கு, பிறகு பதினான்கு மூக்குகள். சீரகமும் மஞ்சளும் பூண்டும் எண்ணெயில் தாளிக்கும் வாசனை. பலகையில் "ரொட்டி" என்று எழுதியிருந்தது. தட்டில் வந்ததைப் பார்த்ததும் ஒருவரும் பேசவில்லை. நான்காக மடித்த மெல்லிய ரொட்டி, உள்ளே மஞ்சள் பருப்பு மாவாகத் தூவப்பட்டு, பிய்த்தால் உதிர்கிறது. கூடவே உருளைக்கிழங்கு, கோழிக்கறி, நீளக் காராமணிக்காய்ப் பொரியல், முழு முட்டை ஒன்று. இது எங்கள் தால் பூரி. போர்ட் லூயித் தெருமுனையில் கண்ணாடிப் பெட்டி வைத்த சைக்கிளில் விற்கிறார்களே, அதே தால் பூரி. என்ன, இங்கே சற்றுத் தடிமன்.

கடை நடத்தும் அம்மாள் சூரினாம் நாட்டிலிருந்து வந்தவர். தென் அமெரிக்காவின் அந்த நாட்டில் ஒல்லாந்தர் அடிமை முறையை 1863-இல் ஒழித்து, பிறகும் பத்தாண்டுகள் விடுதலையானவர்களைத் தோட்டங்களிலேயே கட்டாயமாக வேலை செய்ய வைத்து, 1873-இல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கினார்கள். 1975-இல் சூரினாம் விடுதலை பெற்ற காலத்தில் அந்தக் கூலிகளின் வழிவந்தவர்கள் பலர் இங்கே வந்து சேர்ந்தார்கள். அதாவது, அதே கல்கத்தாத் துறையில் ஏறியவர்களில் ஒரு கப்பல் கிழக்கு ஆப்பிரிக்கக் கடல் பக்கம் எங்களிடம் வந்தது, இன்னொன்று அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனது; இருவரும் மறக்காமல் எடுத்துப்போனது பருப்பை.

எங்கள் குழுவில் ஒருத்திக்கு அப்பா தமிழர், அம்மா போஜ்புரி பேசும் குடும்பத்தவர். அவள், "இன்னும் கொஞ்சம் காரம் வேண்டும்" என்று பாட்டியிடம் கேட்பதுபோல் போஜ்புரியில் கேட்டுவிட்டாள். அம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அவர் பேசுவது சர்நாமி. எங்கள் ஊர்ப் போஜ்புரிக்குத் தங்கை முறை. இரண்டு சொல் புரிகிறது, மூன்றாவது புரியவில்லை, நான்காவது புரிகிறது என்று இருவரும் சிரித்துக்கொண்டே பேசினார்கள். பேச்சு போதாதென்று அந்தப் பெண் தன் பாட்டிக்குக் கைப்பேசியில் அழைத்து, திரையை அம்மாளிடம் நீட்டிவிட்டாள். தீவில் மணி பத்தரை. பாட்டி போர்வைக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்தார். யார் நீ, எந்த ஜில்லா, ரொட்டிக்குப் பருப்பை எவ்வளவு வேக வைப்பாய் என்று கேள்விகள் பறந்தன. தட்டில் முழு முட்டை இருப்பதைக் காட்டியதும் பாட்டி, தால் பூரிக்கு யாராவது முட்டை வைப்பார்களா என்று அதட்டினார். அதை எங்களுக்குப் பேத்தி மொழிபெயர்த்தாள்.

நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குச் சிறு பொறாமை வந்தது. காலையிலிருந்து தமிழைத் தேடித் தேடி, கடைசியில் ஒரு தேய்ந்த காசின் படத்தில் கொண்டுபோய்க் காட்டியவள் நான். இங்கே ஒரு மொழி, யாரும் தேடாமலே, அடுப்படியிலிருந்து எழுந்து வந்து நின்றது. என் மாணவர்களில் பாட்டியிடம் தமிழில் பேசுகிறவர்கள் மூன்று பேர் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்கு அது தேர்வுத்தாளிலும் கோயிலிலும் இருக்கும் மொழி. பின்வரிசை மாணவன் மட்டும் சட்டென்று பையைத் திறந்து, நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து அம்மாளிடம் நீட்டி, அதில் இருப்பது ரங்கநாதன் சீனிவாசன், எங்கள் ஆள் என்று சொல்லி, தமிழ் எழுத்து இருக்கும் இடத்தில் விரலை வைத்து உரக்கப் படித்துக் காட்டினான். பாட்டி திரையிலிருந்தே, இவன் யார், என்ன சொல்கிறான் என்று விசாரித்தார். அம்மாள் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருந்த லட்சுமி படத்தின் சட்டத்தில் செருகி வைத்தார். கணக்குப் போடும்போது பதினாறு தட்டுக்குப் பதினைந்துக்குத்தான் பணம் வாங்கினார்.

விடுதியிலிருந்து, எல்லா அறைகளும் தயார் என்று செய்தி வந்திருந்தது. வெளியே வந்தபோது ஒன்பதே கால். தெருவில் இன்னும் வெயில் படிந்திருந்தது, கால்வாய் மதகில் உட்கார்ந்து யாரோ புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். டிராம் நிறுத்தம் எதிர்ப்பக்கம். செந்நிறப் பாதையின் விளிம்பில் ரோஸ் ஹில் மாணவன் கையை நீட்டி மற்றவர்களைத் தடுத்து நிறுத்தினான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான், மறுபடியும் இடப்பக்கம் பார்த்தான். இரண்டு சைக்கிள்கள் போயின. பிறகு "வாருங்கள்" என்றான்.